அஞ்சும் கிளியை அடக்காதீர்கள். அச்சத்தின் காரணத்தைத் தேடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கிளி வளர்ப்போர் பலரும் ஏதாவது ஒரு கட்டத்தில் சந்தித்துத் திகைக்கும் சிக்கலைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். நேற்று மாலைவரை தோளில் ஏறி உட்கார்ந்து காதோரம் கொஞ்சிக்கொண்டிருந்த கிளி, இன்று காலை கூண்டுக் கதவைத் திறந்ததும் பின்வாங்கிக் கம்பியில் மோதி அலறுகிறது. கையை நீட்டினால் கடிக்க வருகிறது. விரும்பித் தின்ற பழத்தைக்கூடத் தொட மறுக்கிறது. வளர்ப்பவர் மனம் உடைந்துபோகிறார். தெரிந்தவர்களிடம் கேட்டால் கிடைக்கும் அறிவுரைகளோ ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன: கிளிக்குத் திமிர் ஏறிவிட்டது, இடம் கொடுத்தால் இப்படித்தான், துண்டைப் போட்டுப் பிடித்துக் கையிலேயே வைத்திருங்கள், தானாகப் பழகிவிடும், சிறகை வெட்டிவிடுங்கள், அடங்கிவிடும். இவை மூன்றுமே தவறானவை என்பதையும், இவற்றால் பறவைக்கு நேரும் கேடு நெடுநாள் நீடிக்கக்கூடியது என்பதையும் தங்கள் வாசகர்களிடம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கிளி திடீரென அஞ்சத் தொடங்குகிறது என்றால், அதன் உடம்பிலோ சுற்றுப்புறத்திலோ ஏதோ மாறியிருக்கிறது. நம் கண்ணுக்கு எல்லாம் வழக்கம்போலவே தெரியலாம். கிளியின் கண்ணுக்கு அப்படி இல்லை. எனவே, அதை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று யோசிப்பதற்கு முன்பாக, எது மாறியது என்று தேடுவதே வளர்ப்பவரின் முதல் வேலை.

அதற்கும் முன்னால், காண்பது அச்சம்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கோபத்தில் இருக்கும் கிளி பெரும்பாலும் கழுத்து இறகுகளைச் சிலிர்த்து, கண்ணின் பாவையைச் சுருக்கி விரித்து, வால் இறகுகளை விசிறியாக்கி, நம்மை நோக்கி முன்னே வரும். அஞ்சும் கிளியோ இறகுகள் அத்தனையும் உடம்போடு ஒட்டிக்கொள்ள, வழக்கத்தைவிட மெலிந்து உயரமாகத் தோன்றும். கண்கள் அகல விரிந்திருக்கும். உடம்பு நம்மைவிட்டு விலகிப் பின்புறம் சாயும். அப்படியே அசைவற்று உறைந்து நிற்கும் அல்லது கூண்டின் மூலையில் ஒடுங்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் அடித்தொண்டையில் உறுமுவதும், தப்ப வழியில்லாதபோது மல்லாந்து விழுந்து கால்களை உயர்த்திக் காட்டுவதும் உண்டு. கடிப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு, விலகிப்போக வேறு வழி இல்லாத நிலையில் நடப்பது. அந்தக் கடியை மட்டும் பார்த்துவிட்டு முரட்டுக் கிளி என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி.

உடல்நலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கிளி இயற்கையில் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிரினம். நோயுற்றதை வெளிக்காட்டும் பறவை வேட்டையாடும் விலங்கின் கண்ணில் முதலில் படும் என்பதால், நோயை மறைப்பது அதன் இயல்பிலேயே ஊறியிருக்கிறது. நோய் நமக்குப் புலப்படும்போது அது முற்றியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காதுவலி கண்ட குழந்தை தாயின் கையையே தட்டிவிடுவதைப்போல, வலியில் இருக்கும் கிளி தனக்கு மிகவும் பிடித்தவரின் கையைக்கூட மறுக்கும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இறகு உதிர்க்கும் பருவத்தில் அத்தகைய முளைகளின் மேல் நம் விரல் பட்டாலே வலிக்கும். கூண்டிலிருந்து விழுந்து மார்பெலும்பிலோ காலிலோ அடிபட்டிருக்கலாம். வயதான கிளிக்குக் கண்புரை வந்து பார்வை மங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பறவை தன் அருகே திடீரென முளைக்கும் கையைக் கண்டு துள்ளுவதில் வியப்பேதும் இல்லை. சாம்பல் கிளிகளுக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் நடுக்கமும் வலிப்பும் வரும், உட்காரும் கோலிலிருந்து தவறி விழும். தன் காலையே நம்ப முடியாத பறவை எதைக் கண்டாலும் மிரளத்தான் செய்யும். ஈயம், துத்தநாகம் ஆகிய உலோகங்களைக் கொறித்து நச்சேறினாலும் நரம்புகள் பாதிக்கப்படும். திரைச்சீலையின் அடியில் தைக்கப்படும் ஈயக்குண்டு, பழைய வண்ணப்பூச்சு, துத்தநாகப் பூச்சு உரிந்த கம்பி போன்றவை கிளியின் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஆகவே, அச்சத்தோடு இறகைச் சிலிர்த்துக்கொண்டு நெடுநேரம் முடங்கியிருத்தல், மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடுதல், எச்சத்தின் நிறமோ நீர்த்தன்மையோ மாறுதல், குரல் மாறுதல், இரை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்து தென்பட்டாலும், பறவைகளுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். கிளி வளர்ப்போர் வீட்டில் கிராம் அளவு காட்டும் சிறிய தராசு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். காலையில் இரை தின்னும் முன்பு எடை பார்த்துக் குறித்துவைத்தால், இறகுகளுக்குள் மறைந்திருக்கும் மெலிவு எண்ணாகத் தெரிந்துவிடும். வழக்கமான எடையில் 10 விழுக்காடு குறைந்தால் அது கவலைக்குரிய நிலை. 35 கிராம் எடையுள்ள சிறு பட்ஜி கிளிக்கு அது வெறும் மூன்றரைக் கிராம்தான். கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

உடம்பில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, கிளியின் கண்ணைக் கொண்டு வீட்டைப் பார்க்கத் தொடங்க வேண்டும். இது உவமையாகச் சொல்லப்படுவதன்று. கிளியின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே பக்கவாட்டிலும் மேலும் பின்புறமும் பெரும்பகுதியை அதனால் பார்க்க முடியும். மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. கிளிகளுக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அவற்றுக்குத் தெரியும். நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு துணிகள் கிளிக்கு வெவ்வேறு நிறங்களாகத் தெரியக்கூடும். நமக்குச் சீராக எரிவதாகத் தோன்றும் சில விளக்குகள் பறவைகளின் கண்ணுக்கு விட்டுவிட்டுத் துடிக்கக்கூடும். அப்படியிருக்க, "வீட்டில் எதுவுமே மாறவில்லையே" என்று சொல்வதற்கு நமக்குத் தகுதி குறைவு.

உறவினர் வீட்டுச் சாம்பல் கிளி ஒன்று மாலை வேளைகளில் மட்டும் வெறிபிடித்ததுபோல் இறக்கையடித்துக் கத்தத் தொடங்கியபோது, அந்த நேரத்தில் கூண்டுக்கு அருகே, அதன் தலை இருக்கும் உயரத்துக்கு என் தலை வரும்படி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். கிளி ஒரு பழத்துண்டைக் காலில் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. திடீரெனத் தின்பதை நிறுத்தியது. பழம் பிடித்த கால் அந்தரத்திலேயே நின்றது. தலையை ஒருபுறமாகச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் சன்னலின் மேல்விளிம்பைப் பார்த்தது. இறகுகள் ஒவ்வொன்றாகப் படிந்து உடம்போடு ஒட்டின. அதன் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்திருந்தது. நின்றபடி பார்க்கும் எவர் கண்ணுக்கும் அந்த இடத்தைச் சன்னலின் மேற்சட்டம் மறைத்துவிடும்; கூண்டின் உயரத்திலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும். மாலையில் அந்தச் சன்னலின் மேற்பாதிக்குத் திரை போட்டு, கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்குமாறு நகர்த்திய பிறகு அந்தக் கிளியின் அலறல் படிப்படியாகக் குறைந்தது. அதுவரை வீட்டார் அதற்குக் கொடுத்திருந்த பட்டம் "பொழுது சாய்ந்தால் பைத்தியம்" என்பது. நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி அறையின் நடுவில் கூண்டை வைப்பதைவிட, முதுகுக்குச் சுவரின் காப்பு இருக்கும்படி வைப்பதே கிளிக்கு ஆறுதல் தரும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தலைக்கு மேல் நகரும் உருவத்தின்மீது பறவைகளுக்கு உள்ள அச்சத்தை அறிவியலாளர்கள் முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். பிற்காலத்தில், 1973-இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கான்ராட் லோரன்சும் நிக்கோ டின்பெர்கனும் 1930-களில் அட்டையில் வெட்டிய பறவை உருவங்களை இளம் பறவைகளுக்கு மேலே நகர்த்திப் பார்த்தார்கள். பருந்தைப்போலக் கழுத்துக் குறுகிய உருவத்துக்கே அவை மிரள்கின்றன என்றார் டின்பெர்கன். 1961-இல் வொல்ஃப்காங் ஷ்லைட் வான்கோழிகளை வைத்துச் செய்த ஆய்வு, அதில் உருவத்தைவிடப் பழக்கத்துக்கே பெரிய பங்கு உண்டு என்று காட்டியது. அடிக்கடி கண்ட உருவம் எதுவானாலும் அச்சம் தணிந்தது. அரிதாகக் கண்டது எதுவானாலும் அச்சம் எழுந்தது. இதிலிருந்து கிளி வளர்ப்போர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. கிளியைத் தொடும் கை மேலிருந்து இறங்கக் கூடாது. மார்புக்குக் கீழிருந்து மெல்ல உயர வேண்டும். மேலும், ஒரு பொருள் நம் பார்வையில் ஆபத்தானதா இல்லையா என்பதை வைத்துக் கிளி அஞ்சுவதில்லை. முன்பின் கண்டிராத பொருள் என்பதே அதற்குப் போதும். புதிய தொப்பி, வெட்டிய தலைமுடி, நகப்பூச்சு, சுவரில் மாட்டிய கண்ணாடி, இடம் மாறிய மேசை, பேட்டரி தீரும் தறுவாயில் கீச்சிடும் கருவி என எதுவும் காரணமாகலாம்.

இரவில் ஏற்படும் பீதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். காக்கட்டீல் வகைக் கிளிகளிடம் இது மிகவும் பரவலாகக் காணப்படுகிறது. நள்ளிரவில் வாகன விளக்கு சுவரில் ஓடியதாலோ, எங்கோ ஏதோ விழுந்த சத்தத்தாலோ திடுக்கிட்டு எழும் பறவை, இருளில் திசை தெரியாமல் கூண்டுக்குள் பறந்து மோதி, சிறகு இறகுகளை ஒடித்துக்கொண்டு இரத்தம் கசிய நிற்கும். அப்போது உடனே கையை உள்ளே நீட்டிப் பிடிக்க முயல்வது பீதியைக் கூட்டும். விளக்கைப் போட்டு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, அது கோலில் ஏறி நிற்கும்வரை காத்திருந்து, பிறகே காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தம் நிற்காமல் வழிந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவ உதவியை நாட வேண்டும். அதன் பின்னர், மங்கலான இரவு விளக்கு ஒன்றை எரியவிடுவது பெரும்பாலான காக்கட்டீல்களுக்குப் பயன் தருகிறது. இரவில் திடுக்கிட்ட பறவை மறுநாள் பகலெல்லாம் மிரண்டிருப்பதும் உண்டு. வீட்டார் அனைவரும் தூங்கிவிட்டிருந்தால், காரணமே இல்லாமல் கிளி மாறிவிட்டது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். அடித்தட்டில் ஒடிந்த இறகோ இரத்தத் துளியோ கிடக்கிறதா என்று காலையில் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சில கிளிகள் குறிப்பிட்ட ஒருவரை மட்டும் கண்டு அஞ்சத் தொடங்கும். அந்த நேசமான மனிதர்தான் முந்தின நாள் துண்டில் சுற்றி நகம் வெட்டியவராகவோ, மருந்து புகட்டியவராகவோ இருப்பார். ஒரே ஒரு கடும் அனுபவம் போதும், கிளி அந்த ஆளையும் கையையும் துண்டையும் அந்த அறையையும் ஒன்றாகச் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். இதில் வளர்ப்பவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. மருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால், நோயில்லாத நாட்களிலேயே துண்டோடும் மருந்துக் குழலோடும் விளையாட்டாகப் பழக்கிவைத்தால், தேவை வரும்போது அச்சம் குறையும்.

சிறகை வெட்டுவதைப் பற்றி நான் நடுநிலை பேச விரும்பவில்லை. அஞ்சும் பறவைக்கு உள்ள ஒரே பாதுகாப்பு பறந்து விலகுவது. அதைப் பறித்துவிட்டால் அது அமைதியாகிவிட்டதாக நமக்குத் தோன்றும். உண்மையில் தப்ப முடியாது என்று தெரிந்துகொண்டு ஒடுங்கியிருக்கிறது. மிரண்டு தாவும்போது காற்றில் நிற்க முடியாமல் கல்லாகத் தரையில் விழுந்து மார்பெலும்பை உடைத்துக்கொள்ளும் பறவைகள் உண்டு. அப்படி விழுந்த பறவை அதன்பிறகு கையில் ஏறவே அஞ்சுகிறது. அச்சத்தைப் போக்கச் செய்த காரியம் அச்சத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது. திறந்த சன்னலும் சுழலும் மின்விசிறியும் ஆபத்து என்றால், மூட வேண்டியது சன்னலை, நிறுத்த வேண்டியது விசிறியை.

இனி, காரணம் தெரிந்தோ தெரியாமலோ அஞ்சி நிற்கும் கிளியை எப்படி நடத்துவது? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவனைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். சிறுவன் தனக்குப் பிடித்ததை உண்டுகொண்டிருக்கும்போது முயல் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் பதறாத அளவுக்குச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. முடிவில் அவனே முயலைத் தொட்டு விளையாடினான். நூறாண்டு கடந்தும் அஞ்சும் விலங்குகளைப் பழக்குவோர் பின்பற்றும் வழியின் அடிப்படை இதுவே. இதில் உயிர்நாடி தூரம்தான். கிளி எந்தத் தூரத்தில் நம்மைக் கண்டும் தொடர்ந்து இரை தின்கிறதோ, இறகைக் கோதுகிறதோ, அதுவே நாம் நிற்க வேண்டிய இடம். ஓரடி முன்னே வைக்கும்போது அது மெல்லுவதை நிறுத்தினால், நாம் வந்தது அதிகம் என்று பொருள். உடனே ஓரடி பின்னே போக வேண்டும். நாம் விலகுவதைக் கண்டு கிளி நம்மை அடக்கக் கற்றுக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது கற்றுக்கொள்வதெல்லாம், கடிக்காமலேயே தன் மறுப்பை இவர் புரிந்துகொள்கிறார் என்பதைத்தான். அந்த நம்பிக்கை வந்த கிளிக்குக் கடிக்கத் தேவையில்லாமல் போகிறது.

நேராக முறைத்துப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து ஏதேனும் படித்துக்கொண்டிருப்பது, அருகே போகும்போதெல்லாம் கிண்ணத்தில் ஒரு சூரியகாந்தி விதையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது, கையில் ஏறச் சொல்லி வற்புறுத்தாமல் ஒரு குச்சியை நீட்டிப் பார்ப்பது, பத்து முதல் பன்னிரண்டு மணிநேரம் இருளிலும் அமைதியிலும் தூங்கவிடுவது ஆகியவை எளிய செயல்கள். அவற்றைப் பொறுமையாகச் செய்வதுதான் கடினம். நாட்கணக்கில் சரியாகும் கிளியும் உண்டு, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் கிளியும் உண்டு. துண்டைப் போட்டுப் பிடித்து அலறி ஓயும்வரை கையிலேயே வைத்திருப்பவர்கள், அது ஓய்ந்ததும் பழகிவிட்டது என்று மகிழ்கிறார்கள். சோர்ந்துபோனதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வது எத்தனை கொடிது!

வருமுன் காக்கவும் வழி உண்டு. செரில் மீஹன், ஜாய் மென்ச் ஆகிய இரு ஆய்வாளர்கள் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, கொறிக்கவும் தேடித் தின்னவும் மாறி மாறிப் பொருட்கள் கொடுக்கப்பட்ட கிளிகள், வெறுங்கூண்டில் வளர்ந்தவற்றைவிடப் புதியவற்றுக்குக் குறைவாகவே அஞ்சின என்று காட்டியது. மாற்றமே இல்லாத கூண்டு பாதுகாப்பானது என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். புதிய விளையாட்டுப் பொருளை ஒரேயடியாகக் கூண்டுக்குள் தொங்கவிடாமல், முதலில் அறையின் மறுகோடியில் வைத்து, நாமே அதைக் கையில் எடுத்துக் கிளியின் கண் முன்னே விளையாடி, அது ஆவலோடு கழுத்தை நீட்டும்போது அருகே கொண்டுவந்தால் போதும்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், இந்தத் திடீர் அச்சத்தை முன்னிட்டு எத்தனையோ கிளிகள் கைமாற்றப்படுகின்றன என்பதுதான். பெரிய வகைக் கிளிகள் நல்ல பராமரிப்பில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியவை. அவற்றுள் பல, பருவமடையும் வயதில் இயல்பாகவே சற்று மிரட்சி கொள்பவை. பழகிய மனிதர்களையும் கூண்டு இருந்த இடத்தையும் ஒருசேர இழந்து புதுவீட்டில் விடப்படும் கிளியின் அச்சம் முன்னிலும் பெருகும். அங்கேயும் அதற்கு முரட்டுக் கிளி என்ற அதே பெயர்தான் சூட்டப்படும்.

நாய், பூனை வளர்ப்போருக்குப் பயன்படும் குறிப்புகளைத் தாங்கள் வெளியிடுவதைப்போல, கூண்டுப் பறவைகளின் உடல்நலம், நடத்தை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பறவை மருத்துவர் ஒருவர் விடையளிக்கும் பகுதியைத் தங்கள் நாளிதழில் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருளாக இந்த அச்சத்தையே முன்மொழிகிறேன். கிளியின் நடத்தை எப்போது மாறியது, அந்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் வீட்டில் என்னென்ன நடந்தன, எடை எவ்வளவு, எச்சம் எப்படி இருக்கிறது ஆகிய விவரங்களோடு வாசகர்கள் எழுதினால், மருத்துவரால் பயனுள்ள வகையில் வழிகாட்ட முடியும்.

இப்படிக்கு,
கிளி வளர்க்கும் வாசகர்